கொல்லைப்பக்கம் டெக் போடலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வியில பாதி டெக் பத்திதான், அதாவது வீட்டுக்கு வெளிய கால் நட்டு போடற மரத்தளம். நம்ம தென்னாப்பிரிக்காவுல கட்டட வேலை எல்லாம் நிக்கிற டிசம்பர் பில்டர்ஸ் லீவுல எல்லாரும் வீட்ல இருப்பாங்க, சொந்தக்காரங்க வருவாங்க, அதுக்குள்ள பின்னாடி ஒரு டெக் போட்டுடணும்னு எல்லாருக்கும் அவசரம். சரி, இந்த தடவை முழுக்க அதையே பேசிடுவோம்.

அண்ணே வணக்கம். எங்க வீட்டு கிச்சன் கதவுக்கு வெளிய கொல்லை அப்படியே சரிஞ்சு கீழ இறங்குது. அங்க 4 மீட்டருக்கு 3 மீட்டர் டெக் போடலாம்னு வீட்டுக்காரரும் பையனும் சொல்றாங்க, கடைசி ஓரம் தரையிலேருந்து 1.2 மீட்டர் உயரம் வரும். புரட்டாசி சாப்பாடு, வீட்டு பூஜைன்னா முப்பது பேர் வந்துடுவாங்க. வீட்டுக்காரர் மேல பாலாவ்னு நல்ல கெட்டி மரப் பலகை போட்டுட்டு அடியில விலை கம்மியா ஏதாவது போட்டுக்கலாம், யாருக்கு தெரியப்போவுதுன்னு சொல்றார். சரிதானா? (வாசகி, ஃபீனிக்ஸ்)

தங்கச்சி, அப்படியே தலைகீழா பண்ணச் சொல்லுங்க. காசு பத்தலைன்னா மேல சாதா பைன் பலகை போடுங்க, பத்து வருஷம் கழிச்சு அதை கழட்டிட்டு பாலாவ் போட்டுக்கலாம், ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஓட்டை போடற டிரில்லும் இருந்தா போதும். அடியில இருக்குற காலையும் உத்திரத்தையும் அப்படி மாத்த முடியாது, அதுக்கு மொத்த டெக்கையும் பிரிக்கணும். டெக் விழுந்துச்சுன்னா மேல் பலகையால விழாது, கால் உளுத்துப்போயோ, கட்டு விட்டுப்போயோதான் விழும்.

ஒரு கணக்கு பாருங்க. முப்பது பேர், ஆளுக்கு 70 கிலோன்னு வைங்க, 2100 கிலோ ஆச்சு, ரெண்டு டன்னுக்கு மேல. உங்க டெக் 12 சதுர மீட்டர், அப்ப ஒரு சதுர மீட்டருக்கு 175 கிலோ, சாப்பாட்டு மேசை அண்டா எல்லாம் தனி. மூணு வரிசையா, வரிசைக்கு மூணு கால்னு ஒன்பது கால் வைக்கிறீங்கன்னா அந்த பாரம் எல்லா காலுக்கும் சமமா போகாது. மூலையில நிக்கிற கால் 130 கிலோ கிட்ட தாங்குனா, நட்ட நடுவுல நிக்கிற கால் அரை டன்னுக்கு மேல தாங்கும். ஓரத்துல இருக்குற காலைத்தான் எல்லாரும் அழகா செய்வாங்க, ஏன்னா அது கண்ணுக்கு தெரியும். நடுக்காலை நீங்க நின்னு பார்த்து செய்ய வைங்க.

மரக்கடையில போனதும் முதல்ல கேக்க வேண்டியது எச் நம்பர், மரம் உளுக்காம இருக்க எந்த இடத்துக்கு ஏத்த மாதிரி மருந்து ஏத்தியிருக்காங்கன்னு அதுதான் சொல்லும். எச்2ன்னா கூரைக்கு உள்ள போற மரம், வெளிய மழையில வைக்க ஆகாது, விலை கம்மியா இருக்குன்னு அதை தள்ளிவிடுவாங்க, வாங்காதீங்க. எச்3 வெளிய, ஆனா மண்ணை தொடாம இருக்கணும். எச்4தான் மண்ணுக்குள்ள போற மரம். அதனால கால் எல்லாம் எச்4, மேல உத்திரம், குறுக்குச்சட்டம் எல்லாம் குறைஞ்சது எச்3. மரத்து மேலயே முத்திரையோ சீட்டோ இருக்கும், அது இல்லாம வெறும் பச்சை கலரை பார்த்து வாங்காதீங்க, கலர் யார் வேணாலும் அடிக்கலாம். அதே மாதிரி சட்டத்துல எஸ்5னு பலத்துக்கான முத்திரையும் இருக்கான்னு பாருங்க.

இன்னொன்னு, நிறைய பேருக்கு தெரியாதது. மருந்து ஏத்துன மரம்னா உள்ள வரைக்கும் மருந்து ஊறியிருக்கும்னு நினைக்கிறோம், அப்படி இல்ல. பைன் மரத்துல வெளிப்பக்கம் இருக்குற வெள்ளை பாகம்தான் மருந்தை நல்லா குடிக்கும், நடு வைரம் குடிக்காது. காலை நீளத்துக்கு அறுத்துட்டு அறுத்த பக்கத்தை குழிக்குள்ள இறக்குனீங்கன்னா மருந்து இல்லாத பாகத்தை நேரா ஈர மண்ணுக்கும் கரையானுக்கும் கொடுக்குறீங்க. வெருலத்துல ஒரு வீட்ல பார்த்தேன், கால் மேல பார்க்க புதுசு மாதிரி பச்சையா நிக்குது, தரை மட்டத்துக்கிட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவரை வச்சு அமுக்குனா கைப்பிடி வரைக்கும் உள்ள போகுது, வெளிய ஓடு மாதிரி ஒரு சுத்து நிக்குது, உள்ள வெறும் தூள். அதனால அறுத்த பக்கம் எப்பவும் மேல, ஃபேக்டரி முனை கீழ. மேல அறுத்த இடத்துலயும், போல்ட்டுக்கு போட்ட ஓட்டையிலயும் மரத்துக்கு பூசுற மருந்து வாங்கி ரெண்டு கோட் ஊத்தி விடுங்க.

இப்ப குழிக்கு வருவோம், உங்க கேள்வியில எனக்கு கவலை இங்கதான். சரிவுல இருக்குற வீட்டு மனை எல்லாம் அனேகமா மேட்டை வெட்டி அந்த மண்ணை முன்னாடி கொட்டி மட்டம் பண்ணது, அப்ப உங்க டெக்கோட கடைசி வரிசை கால் வர்ற இடம் கொட்டுன மண்ணா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. டர்பன் பக்கத்து செம்மணல் காய்ஞ்சிருந்தா கடப்பாரை போட்டாலும் இறங்காது, தண்ணி ஊறுனா அப்படியே கரைஞ்சு போகும். 2022 ஏப்ரல் மழையில சரிவு எத்தனை இடத்துல வீட்டோட போச்சுன்னு நம்ம எல்லாரும் பார்த்தோம். அதனால கொட்டுன மண்ணை தாண்டி கெட்டியான பழைய மண் வர்ற வரைக்கும் தோண்டணும், 600 மில்லிமீட்டர் குறைஞ்சது, அதுக்கும் கீழ போக வேண்டி வந்தா போகத்தான் வேணும். ஒரு மீட்டர் தோண்டியும் செங்கல் துண்டு, பிளாஸ்டிக்னு வந்துட்டே இருந்துச்சுன்னா நிறுத்திட்டு ஒரு இன்ஜினியரை கூப்பிடுங்க, அந்த காசு வீண் இல்ல. குழி அடியில ஒரு சாண் ஜல்லி, அது மேல கால் நிக்கணும், சுத்தி காங்கிரீட். அடியையும் காங்கிரீட் போட்டு மூடுனா தண்ணி வெளிய போக வழி இல்லாம கிண்ணத்துல நிக்கிற மாதிரி நிக்கும். மேல காங்கிரீட்டை காலை விட்டு வெளிப்பக்கமா சரிச்சு விடுங்க. கூரை தண்ணி இறங்குற பைப் அந்த பக்கம் கொட்டுதான்னு முதல்ல பாருங்க, கொட்டுச்சுன்னா டெக் வேலைக்கு முன்னாடி அதை வேற பக்கம் திருப்புங்க.

உத்திரத்துக்கு 38க்கு 228 மில்லிமீட்டர் சட்டம் ரெண்டா சேர்த்து, 4 மீட்டர் பக்கமா மூணு வரிசை. காலோட தலையில ஒரு படி மாதிரி வெட்டி அது மேல உத்திரம் உக்காரணும், அப்புறம் எம்12, அதாவது 12 மில்லிமீட்டர் தடிமன் போல்ட் ரெண்டு. படி இல்லாம பக்கத்துல வச்சு போல்ட் மட்டும் போட்டா மொத்த பாரமும் போல்ட்டுலதான் தொங்கும். குறுக்குச்சட்டம் 38க்கு 152, நடுவுக்கு நடு 400 மில்லிமீட்டர். மூலை சரியா இருக்கான்னு பார்க்க 3, 4, 5 கணக்கு போதும், ஒரு பக்கம் 3 மீட்டர் இன்னொரு பக்கம் 4 மீட்டர்னா குறுக்கே சரியா 5 வரணும், உங்க டெக் அளவே அதுதான், அதனால ரொம்ப சுலபம். உயரமான பக்கத்து காலுக்கு சாய்வா முட்டு கண்டிப்பா கொடுங்க, ரெண்டு திசையிலயும். நேரா கீழ அமுக்குற பாரத்துக்கு அனேகமா டெக் நிக்கும், தவில் அடிக்கும்போது கூட்டம் ஒரே பக்கமா ஆடுனா ஆட்டம் கொடுக்கும், அதுக்குத்தான் முட்டு.

1 மீட்டருக்கு மேல உயரம் வந்துட்டதால கைப்பிடி கிராதி கட்டாயம். எஸ்.ஏ.என்.எஸ். 10400ங்கிற நம்ம நாட்டு கட்டட விதிப்படி கிராதி உயரம் 1 மீட்டருக்கு குறையக் கூடாது, 100 மில்லிமீட்டர் பந்து எந்த சந்துலயும் நுழையக் கூடாது, குழந்தை தலைக்காக அந்த அளவு. கிராதிக் காலை மேல் பலகையில ஸ்க்ரூ போட்டு நிறுத்தாதீங்க, கீழ சட்டத்தோட சேர்த்து போல்ட் போடுங்க. படிக்கு உயரம் 200 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது, கால் வைக்கிற அகலம் 250க்கு குறையக் கூடாது, உங்க 1.2 மீட்டருக்கு ஏழு படியா வச்சீங்கன்னா பாட்டிமாருக்கு ஏற சுகமா இருக்கும்.

முனிசிபாலிட்டியையும் கேட்டுடுங்க. 1977ஆம் வருஷ 103ஆம் நம்பர் கட்டட சட்டத்துல சின்ன வேலைக்கு முழு பிளான் வேண்டாம்னு அதிகாரி விலக்கு கொடுக்கலாம், ஆனா அதை எழுத்துல வாங்கிக்கணும். கொல்லையில சாக்கடை மூடி இருந்தா அது மேல டெக் போடவே கூடாது.

டெக்கோட ஒரு பக்கத்தை வீட்டு சுவத்துலயே அடிச்சுட்டா கால் செலவு மிச்சம்னு வேலை செய்ய வர்றவர் சொல்றார், செய்யலாமா? (வாசகர், டொங்காட்)

வேணாம் தம்பி. டெக் விழுந்த கதையில ரொம்ப அடிபடுறது இந்த சுவத்துக் கட்டுதான், அதுவும் ஆணி மட்டும் அடிச்சதுன்னா கேக்கவே வேணாம். உங்க சுவர் உள்ள பொந்து இருக்குற பிளாக்கா இருந்தா போல்ட் பிடிக்க ஒண்ணுமே இல்ல, பூச்சுக்கு பின்னாடி என்ன இருக்குன்னு ஓட்டை போடற வரைக்கும் யாருக்கும் தெரியாது. மழைத்தண்ணியும் அந்த பலகைக்கும் சுவத்துக்கும் நடுவுல இறங்கி வீட்டுக்குள்ள ஈரம் ஏத்தும். சுவத்துக்கிட்டயே ஒரு வரிசை கால் வச்சு டெக்கை தனியா நிறுத்துங்க, சுவத்துக்கு ஒரு விரல் இடம் விட்டுடுங்க, சுவத்துல காத்து போக ஓட்டை வச்ச காத்துக்கல் இருந்தா அதை மறைக்காதீங்க. மிச்சம் பிடிக்கிறது ரெண்டு மூணு கால் செலவு, அதுக்கு இவ்வளவு ஆபத்து எதுக்கு.

நாங்க கடல் பக்கம். முன்னாடி போட்ட டெக்குல ஸ்க்ரூ எல்லாம் துரு பிடிச்சு தலை தலையா உடைஞ்சு வருது. பலகை நல்லாத்தான் இருக்கு. என்ன ஸ்க்ரூ வாங்கணும்? (வாசகர், இசிப்பிங்கோ)

ரெண்டு பக்கம் அடி விழுது அண்ணே. ஒண்ணு உப்புக்காத்து, இன்னொன்னு மரத்துல ஏத்துன மருந்துலயே செம்பு இருக்கு, அது சாதா இரும்பை சாப்பிட்டுடும். பளபளன்னு மஞ்சளா இருக்குற ஸ்க்ரூ வீட்டுக்குள்ள வேலைக்குத்தான். சீலிங் போர்டுக்கு போடற கறுப்பு ஸ்க்ரூவை சில பேர் டெக்குக்கு போடுறாங்க, அது துருவுக்கு முன்னாடியே ஒடியும். உங்களுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ்தான் சரி, கடலை விட்டு தள்ளி இருக்குறவங்களுக்கு 304 ரகம் போதும். அடியில இருக்குற போல்ட், பட்டி எல்லாம் உருக்குன துத்தநாகத்துல முக்கி எடுத்ததா இருக்கணும், கொஞ்சம் சொரசொரன்னு மங்கலா இருக்கும். மேல ஸ்க்ரூவே இப்படி உடையுதுன்னா அடியில போல்ட்டும் அதே கதியிலதான் இருக்கும். பலகை ரெண்டை கழட்டி கீழ பார்த்துட்டு அப்புறம் செலவு பண்ணுங்க, அது வரைக்கும் கூட்டம் ஏத்தாதீங்க.

பாலாவ், பைன், கம்பாசிட் இதுல எது? ரெண்டு பலகைக்கு நடுவுல எவ்வளவு இடம் விடணும், ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. (வாசகி, லெனேஷியா)

பாலாவ் இந்தோனேசியா மலேசியா பக்கத்துலேருந்து வர்றது, நம்ம சாலமரத்தோட இனம், கனமான கெட்டி மரம். ஓட்டை போட்டுட்டுதான் ஸ்க்ரூ இறக்கணும், இல்லன்னா பலகை பிளந்துடும் இல்லன்னா ஸ்க்ரூ முறியும். முதல் மழையில காப்பித்தண்ணி மாதிரி கறை வடியும், கீழ வெள்ளை டைல்ஸ் இருந்தா மூடி வைங்க. காய்ஞ்ச பாலாவுக்கு 5 மில்லிமீட்டர் இடம். மருந்து ஏத்துன பைன் கடையிலேருந்து வரும்போது ஈரமா இருக்கும், உங்க ஜோபர்க் (ஜொகன்னஸ்பர்க்) குளிர்காலத்து வறட்சியில நல்லா சுருங்கும், அதனால 2, 3 மில்லிமீட்டர் விட்டா அதுவே தானா அகலமாகிடும். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றதுக்கு காரணம் இதுதான், எல்லாரும் அவங்கவங்க மரத்தை வச்சு சொல்றாங்க. கம்பாசிட்டுன்னா மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செஞ்ச பலகை, அதுக்கு எண்ணெய் வேணாம், ஆனா வெயில்ல வெறுங்கால் வைக்க முடியாது, பூஜைக்கு செருப்பு கழட்டிட்டு நிக்கிற இடம்னா நான் மரத்தைத்தான் சொல்லுவேன். வார்னிஷ் அடிக்காதீங்க, உரிஞ்சு வரும், வருஷத்துக்கு ஒரு தடவை டெக் எண்ணெய் தேச்சா போதும்.

எங்க டெக் வேலை முடிஞ்சு மருந்து ஏத்துன பச்சை கலர் மரத்துண்டு ரெண்டு மூட்டை மிச்சம் இருக்கு. மாரியம்மனுக்கு கஞ்சி காய்ச்ச வெளிய அடுப்பு மூட்டணும், அதுக்கு இந்த விறகே ஆகும்னு அத்தை எடுத்து அடுக்கி வச்சிருக்காங்க. எரிக்கலாமா? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

இன்னைக்கே எடுத்து தனியா வச்சுடுங்கம்மா. அந்த பச்சை மரத்துல அனேகமா இருக்குறது செம்பு, குரோமியம், ஆர்சனிக், மூணும் சேர்ந்த மருந்து, ஆர்சனிக்ன்னா பாஷாணம். மரமா இருக்கும்போது அது மரத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும், நடக்கலாம், உக்காரலாம், பயமில்ல. எரிச்சா புகையில கொஞ்சம் போகும், மிச்சம் எல்லாம் சாம்பல்ல சேர்ந்துடும். திறந்த அண்டாவுல கஞ்சி கொதிக்குது, பக்கத்துல பிள்ளைங்க நிக்கிறாங்க, அந்த புகையும் சாம்பலும் எங்க போகும்னு யோசிச்சு பாருங்க. வெளிய கறி சுடற ப்ராய்க்கும் இதே கதைதான். அத்தைகிட்ட பக்குவமா சொல்லுங்க, அவங்க காலத்துல விறகுன்னா வெறும் விறகு, இது பார்க்க விறகு மாதிரி இருக்கு, அவ்வளவுதான். கஞ்சிக்கு மருந்து படாத கருவேலமோ யூகலிப்டஸ் கட்டையோ வாங்குங்க, பழைய வேலிக்கால் வேணாம், அதுவும் மருந்து ஏத்துனதா இருக்கலாம். வெளுத்துப்போன மரத்துல பச்சை தெரியாது, ஆனா மருந்து உள்ளயே இருக்கும்.

அறுத்த தூளையும் கறிவேப்பிலைக்கோ முருங்கைக்கோ போடாதீங்க, உரக்குழியிலயும் போட வேணாம். பெருக்கி மூட்டையில கட்டி துண்டுகளோட முனிசிபாலிட்டி குப்பைக் கிடங்குக்கு அனுப்புங்க. ஏற்கனவே கொஞ்சம் எரிச்சிருந்தா அந்த சாம்பல்ல தண்ணி தெளிச்சு, கையுறை போட்டு அள்ளி, அதையும் அந்த மூட்டையிலயே கட்டிடுங்க, பாத்திரம் தேய்க்க எடுத்துடாம அத்தைகிட்ட சொல்லி வைங்க.