பிராக்சிமாவின் சீற்றம்

வணக்கம் ஐயா,

சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியை ‘அடிக்கடி சீறும் நட்சத்திரம்’ என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். சூரியனில் எட்டில் ஒரு பங்கு நிறைதான் அதற்கு. அவ்வளவு சிறிய நட்சத்திரத்துக்கு எங்கிருந்து வருகிறது இந்த ஆவேசம்? வயதானால் அடங்காதா? அங்கே உயிர் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவன் நான்.

செல்வம்

அன்புள்ள செல்வம்,

சிறியதாக இருப்பதுதான் காரணமே. சூரியனின் உட்பகுதியில் வெப்பம் கதிர்வீச்சாகக் கடத்தப்படுகிறது, மேலடுக்கு மட்டும்தான் கொதித்துப் புரள்கிறது. பிராக்சிமாவோ மையம் முதல் மேற்பரப்பு வரை உலைநீர் மாதிரி முழுக்கக் கொதிக்கிறது. பிளாஸ்மா எனும் மின்னூட்டம் கொண்ட வாயு ஓயாமல் புரண்டால் வலுவான காந்தப்புலம் உருவாகும். அந்தக் காந்தக் கோடுகள் முறுக்கேறி, அறுந்து, வேறு விதமாக இணையும்போது தேங்கிய ஆற்றலெல்லாம் சட்டென்று வெளியே கொட்டுகிறது. சூரியனிலும் இது நடக்கிறது. ஆனால் சூரியனின் பேரொளியில் அது கரைந்துபோகிறது, மங்கலான பிராக்சிமாவில் அப்பட்டமாகத் தெரிகிறது. 2016 மார்ச்சில் ஒரு சீற்றத்தின்போது அதன் ஒளி சுமார் 68 மடங்கு கூடியது. தொலைநோக்கி இல்லாமல் பார்க்கவே முடியாத நட்சத்திரம், மிக இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லை வரை வந்துவிட்டது! 2019 மே 1 அன்று புற ஊதா ஒளி சில நொடிகளில் 14,000 மடங்கு எகிறியது.

வயதா? ஏறத்தாழ சூரியனின் வயதுதான். இன்னும் அடங்கவில்லை.

சரி, உங்கள் நம்பிக்கைக்கு வருவோம். 2016 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பிராக்சிமா பி என்ற கோள், தன் நட்சத்திரத்திலிருந்து சுமார் 75 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், 11 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. நட்சத்திரம் மங்கல் என்பதால் நீர் உறையாமல் இருக்க அவ்வளவு நெருங்கித்தான் ஆகவேண்டும், நெருங்கினால் சீற்றத்தை முழுசாக வாங்கியாகவேண்டும். நம்முடையது போன்ற ஓசோன் படலம் அங்கே இருந்தாலும், அடுத்தடுத்த அடிகளில் அது மீள நேரமே கிடைக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆழ்கடல் இருந்தால் கதை வேறு, சில மீட்டர் நீரே புற ஊதாவைப் பெருமளவு தடுத்துவிடும். ஆகவே நிலத்தில் உயிர் என்றால் எனக்கு நம்பிக்கை குறைவு, நீருக்கடியில் என்றால் உங்கள் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் முதலில் அதற்கு வளிமண்டலம் இருக்கிறதா என்று தெரியவேண்டும். அந்தக் கோள் நமக்கும் நட்சத்திரத்துக்கும் குறுக்கே கடந்துபோவதாகத் தெரியவில்லை, அதனால் கோளின் வளிமண்டலத்தை ஊடுருவி வரும் நட்சத்திர ஒளியை ஆராயும் வழக்கமான சோதனை இங்கே உதவாது. கோளின் ஒளியையே பிரித்தெடுத்துப் பார்க்கவேண்டும். சிலியில் எழும்பிவரும் 39 மீட்டர் அகல ஆடி கொண்ட தொலைநோக்கியை நான் ஆவலோடு எதிர்பார்ப்பது அதற்காகத்தான்.