சைலன்சர் சுட்ட தழும்பு: இரண்டு மாதத்தில் முடிவு கட்ட வேண்டாம்

திருமங்கலத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “என் 16 வயது மகளுக்கு இரண்டு மாதங்களுக்கு முன் பைக் சைலன்சர் கெண்டைக்காலில் சுட்டுவிட்டது. புண் ஆறிவிட்டாலும் அந்த இடம் கருத்துத் தடித்திருக்கிறது. இரவில் மிகவும் அரிக்கிறது. மருந்துக்கடையில் கொடுத்த க்ரீமைத் தடவி வருகிறோம். தழும்பு முழுதாக மறையுமா? அவள் காதில் இரண்டாவது துளை போடவும் ஆசைப்படுகிறாள். என் தங்கைக்குக் காது குத்திய இடத்தில் கட்டி போல் வளர்ந்திருப்பதால் பயமாக இருக்கிறது.”

முதலில் அந்தக் க்ரீம் டியூபை எடுத்து, பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு களிம்பு. மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடர வேண்டாம். தொடக்கத்தில் அரிப்பு அடங்கி நிறமும் வெளுப்பதால் பலன் கிடைப்பதாகத் தோன்றும். ஆனால் நாள்பட்டால் சுற்றியுள்ள நல்ல தோலும் மெலிந்து, மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு உத்தரவிட்ட பிறகும் அவை எளிதாகக் கைக்கு வந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

தோலின் அடி அடுக்கு வரை வெந்த காயம் சுவடே இல்லாமல் மறையாது. ஆனால் இன்று நீங்கள் பார்ப்பது அந்தத் தழும்பின் இறுதி வடிவமும் அல்ல. காயத்தை மூடுவதற்காக உடல் முதல் சில வாரங்களில் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை அவசர அவசரமாகக் குவிக்கிறது. அதன் பிறகு ஓராண்டு, சில வேளை அதற்கும் மேலாக, அந்த நார்களைக் கரைத்தும் மாற்றி அடுக்கியும் சீர்செய்கிறது. தடிப்பும் அரிப்பும் கூடுதலாக இருப்பது இந்த முதல் சில மாதங்களில்தான். கருமையோ தழும்பிலிருந்து வேறானது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அழற்சிக்குப் பின் நிறமி தேங்குவது இயல்பு. அது குறையப் பல மாதங்கள் ஆகும், காலில் இன்னும் தாமதமாகும்.

இப்போதைக்குத் தடிப்பைக் குறைக்க வீட்டிலேயே செய்யக்கூடியவற்றுள் ஓரளவு சான்றுள்ளது சிலிகான். புண் முழுதாக மூடியிருந்தால், பொருக்கோ நீர்க்கசிவோ இல்லையென்றால் தொடங்கலாம். சிலிகான் தாளை நாளுக்குக் குறைந்தது 12 மணி நேரம் ஒட்டியிருக்க வேண்டும். மதுரைப் பக்கத்து வெயிலில் வியர்த்துத் தாள் கழன்றுவிடுவதும், அதன் அடியில் வேர்க்குரு வருவதும் உண்டு என்பதால் பகலில் பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு ஜெல்லே வசதி. காலையும் இரவும் கழுவித் துடைத்த தோலில் மெல்லிய பூச்சாகத் தடவி, காய்ந்த பிறகு உடை படட்டும். கனமாகத் தடவுவதால் பலன் கூடாது. இரண்டு மூன்று மாதங்கள் விடாமல் தடவினால்தான் கூடும். இடையில், பெட்ரோலியம் ஜெல்லி தொட்டு விரல் நுனியால் ஐந்து நிமிடம் அழுத்தித் தேய்த்துவிட்டால் அரிப்பும் இறுக்கமும் தணியும். ஜெல் பூசும் முன் அதைக் கழுவிவிடுங்கள். வெயில் பட்டால் கருமை நிலைத்துவிடும் என்பதால், வெளியே செல்லும்போது துணியால் மூடுங்கள்; இயலாதபோது எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் போடுங்கள். எலுமிச்சைச் சாறு, பற்பசை, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நிறத்துக்காக அவசரப்பட்டு லேசர் செய்துகொண்டால் நம் தோலில் கருமை கூடிவிடவும் வாய்ப்புண்டு.

காது குத்துவதைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. தடித்த தழும்பு காயத்தின் எல்லைக்குள் நிற்கும். கெலாய்டு எனப்படுவது எல்லையைத் தாண்டி, நல்ல தோலுக்குள்ளும் பரவி வளரும். உங்கள் தங்கைக்கு இருப்பது கெலாய்டாக இருக்கலாம். அந்த இயல்பு குடும்பவழியில் வரக்கூடியது. பத்திலிருந்து முப்பது வயதுக்குள் அதிகம் தோன்றுவது. காது மடல், மார்பு, தோள் ஆகியவை அது விரும்பும் இடங்கள். ஆகவே இரண்டாவது துளை வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் தங்கையும் அந்தக் கட்டியை வெறுமனே வெட்டியெடுத்துவிட வேண்டாம். வெட்டியதோடு விட்டால் பெரும்பாலும் திரும்ப வளரும், முன்னைவிடப் பெரிதாகவும் வளரலாம். சில வார இடைவெளியில் கட்டிக்குள்ளேயே போடும் டிரையம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசிதான் வழக்கமான முதல் சிகிச்சை.

மகளின் தழும்பு சுட்ட இடத்தைத் தாண்டிப் பரவினாலோ, காலை நீட்டும்போது முழங்கால் மடிப்பு இழுத்தாலோ, ஆறிய இடம் மீண்டும் மீண்டும் புண்ணானாலோ, மூன்று மாதம் சிலிகான் தடவியும் தடிப்பு கூடினாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலும் காட்டலாம். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், அருகில் ஒரு அளவுகோலை வைத்து எடுத்த படங்களும், இதுவரை தடவிய க்ரீமின் அட்டைப்பெட்டியும் கையில் இருக்கட்டும். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.