இயற்பியல் ஒலிம்பியாட்டுக்கு ஜேஇஇ கோச்சிங் மட்டும் போதுமா?

மகன் பதினொன்றாம் வகுப்பு, ஜேஇஇ கோச்சிங் போகிறான், அதுவே இயற்பியல் ஒலிம்பியாட்டுக்கும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் படிக்குப் பெரும்பாலும் போதும், அதற்கு மேல் போதாது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பள்ளிகளில் சின்ன வகுப்பிலிருந்தே கட்டணம் வாங்கி நடத்தும் தனியார் 'ஒலிம்பியாட்'களை இதோடு சேர்க்காதீர்கள். நான் சொல்வது 1967-ல் வார்சாவில் தொடங்கிய சர்வதேசப் போட்டி. இங்கிருந்து அதற்குப் போக, இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பரில் நடத்தும் என்எஸ்இபி தேர்வு எழுத வேண்டும். தேறினால் ஐஎன்பிஎச்ஓ என்ற தேசிய இயற்பியல் ஒலிம்பியாட் தேர்வு, அப்புறம் மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் அணியைத் தேர்ந்தெடுக்கும் முகாம். முகாமுக்கே முப்பத்தைந்து பேர் அளவில்தான் கூப்பிடுவார்கள். அணியில் ஐந்து பேர்.

என்எஸ்இபியில் விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும், அதனால் கோச்சிங் கைகொடுக்கும். ஐஎன்பிஎச்ஓவில் ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்ட வேண்டும், ஷார்ட்கட் எடுபடாது.

பையன்கள் பெரிதாகத் தடுமாறுவது செய்முறையில். சர்வதேசப் போட்டியில் கருத்தியலுக்கு 30 மதிப்பெண், செய்முறைக்கு 20. இரண்டும் தனித்தனி நாளில், ஐந்தைந்து மணி நேரம். 2015-ல் போட்டி மும்பையிலேயே நடந்தது. அதில் ஒரு செய்முறை, சின்ன ஸ்ப்ரிங் மேல் லேசரை அடித்து, திரையில் விழும் விளிம்பு விளைவுக் கோலத்தை (கம்பியின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் உண்டாகும் புள்ளி வரிசையை) அளந்து, ஸ்ப்ரிங்கின் ஆரம், கம்பியின் தடிமன் எல்லாம் கண்டுபிடிப்பது. டிஎன்ஏவின் சுருள் வடிவத்தைக் காட்டிக்கொடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்தின் தத்துவமும் இதுதான். எவ்வளவு அழகான கேள்வி! ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிப் பழகியவனுக்கு இதில் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது.

இதற்கு லேப் கட்டாயமில்லை. ஒரு நூல், ஒரு குண்டு, செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும், தனி ஊசலில் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் ஊசலுக்கு ஓர் அலைவு சுமார் 2 விநாடி. பொத்தானை அழுத்துவதில் 0.2 விநாடி தவறினால் பிழை 10 சதவீதம். இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்தால் அதே தவறு அரை சதவீதம்தான். நீளத்தை மாற்றி மாற்றி அளந்து, நீளத்துக்கு எதிராக அலைவு நேரத்தின் வர்க்கத்தைக் கிராஃப் போடட்டும். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாவிட்டால், நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் மேல் முனையோடு நிறுத்தியிருக்கிறானா என்று முதலில் பாருங்கள். அப்படி அளந்திருந்தாலும் கோட்டின் சாய்விலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் சரியாகவே வரும். ஏன் என்று அவனே யோசிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

ஜேஇஇ கெட்டுவிடுமோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. ஐஐடி மெட்ராஸ் 2025-26 முதல் ஒலிம்பியாட் மாணவர்களுக்கென்று தனியாகச் சில இடங்கள் வைத்திருக்கிறது. ஆனால் அதை நம்பி ஜேஇஇயை விட வேண்டாம், இடங்கள் மிகக் குறைவு.

என்எஸ்இபிக்குப் பதிவு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் நடக்கும். ஐஎன்பிஎச்ஓவின் பழைய வினாத்தாள்கள் விடைகளோடு ஹோமி பாபா மையத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புதிதாகப் புத்தகம் வாங்கும் முன் அதில் ஒன்றை நேரம் வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.