இறாலில் நாம் உருவி எறிவது நரம்பா, குடலா? உடலமைப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டுகின்றன. ஒரு விலங்கின் வெளித்தோற்றத்தைப் பார்த்து அதன் உறவைத் தீர்மானித்துவிடுகிறோம். எந்த உறுப்பு உடலில் எங்கே இருக்கிறது, கருவில் எதிலிருந்து வந்தது என்ற இரண்டையும் கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: கணுக்காலிகளுக்கு நரம்பு வடம் வயிற்றுப் பக்கம், முதுகெலும்பிகளுக்கு முதுகுப் பக்கம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். கரப்பான், தவளை அறுப்பது நின்றுவிட்டது. கண்ணால் காட்ட வழி உண்டா?

மீன் கடையே போதும். தலையும் ஓடும் உள்ள பெரிய இறால் நான்கு, குடல் எடுக்காத கானாங்கெளுத்தி ஒன்று, வால் பக்கத்து வஞ்சிரம் துண்டு ஒன்று வாங்குங்கள்.

முதலில் இறால். ஓட்டை உரித்து, முதுகு வளைவின் நடுவே கத்தி நுனியால் 2 மி.மீ. ஆழத்துக்குக் கீறுங்கள். ஒரு கருப்பு இழை தெரியும். "நரம்பு எடுத்தாச்சா?" என்று அடுக்களையில் கேட்பது இதைப் பற்றித்தான். ஆனால் அது நரம்பே அல்ல, குடல். கருப்பாகத் தெரிவது உள்ளே இருக்கும் கழிவு. அறுவடைக்கு முன் பட்டினி போட்ட பண்ணை இறாலில் குடல் காலியாக, கண்ணாடிபோல இருக்கும். அதனால்தான் நான்கு வாங்கச் சொன்னேன்.

உண்மையான நரம்பு எதிர்ப்பக்கம் இருக்கிறது. இறாலைப் புரட்டி, நீந்துகால்களின் இரு வரிசைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய தோலை மட்டும் கீறி விலக்குங்கள். வெள்ளை நூல் ஒன்று நீளவாக்கில் ஓடும். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் கண்டத்துக்கு (உடல் வளையத்துக்கு) ஒன்றாகச் சிறு முடிச்சுகள் தெரியும். அவை நரம்பு முடிச்சுகள். நூல் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் கீறிய இறாலைப் பத்து நிமிடம் வினிகரில் போடுங்கள். புரதம் உறைந்து நூல் பளிச்சென்று வெளுக்கும். இங்கே ஆழமாகக் கீறினால் நூலும் அறுந்துவிடும். பிறகு தசைநாரைக் காட்டி நரம்பு என்று சொல்ல வேண்டிவரும்.

அடுத்து வஞ்சிரம் துண்டு. நடுவில் வட்டமான முள்ளெலும்பு. அதன் மேலே ஒரு சிறு வளையம், கீழே ஒரு சிறு வளையம். மேல் வளையத்துக்குள் இருக்கும் வெள்ளைப் பொருள்தான் தண்டுவடம். கீழ் வளையத்துக்குள் கருஞ்சிவப்பாக இருப்பது இரத்தக் குழாய். இதற்கு வால் பக்கத்துத் துண்டுதான் வேண்டும், வயிற்றுப் பக்கத்துத் துண்டில் கீழ் வளையம் மூடியிருக்காது. கானாங்கெளுத்தியைத் திறந்தால் குடல் முழுவதும் முள்ளுக்குக் கீழே கிடக்கும். முள்ளை ஒட்டிப் படிந்திருக்கும், நாம் நகத்தால் சுரண்டி எடுக்கும் கருஞ்சிவப்புப் பட்டை சிறுநீரகம்.

மீனைச் சமைத்த பிறகு இன்னொன்றையும் காட்டலாம். நடுமுள்ளை ஒரு இணைப்பில் ஒடித்துப் பாருங்கள். ஒவ்வொரு முள்ளெலும்பின் முகமும் குழிந்த கிண்ணம்போல இருக்கும், இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவே கூழ்போல ஒன்று ஒட்டியிருக்கும். கருவில் முதுகு நெடுகத் தாங்கு கம்பிபோல ஓடும், பாடப்புத்தகம் படமாக மட்டும் போடும் முதுகு நாணின் மிச்சம் அது. நம் முதுகெலும்புத் தட்டுகளின் நடுவே உள்ள கூழுக்கும் அதுவே மூலம்.

பிரெஞ்சு விலங்கியலாளர் ஜெஃப்ராய் செயிண்ட் இலேர் 1822-இல் சிங்கி இறால் ஒன்றை மல்லாக்கப் போட்டுப் பார்த்து, அதன் உறுப்புகள் முதுகெலும்பியின் வரிசையிலேயே இருப்பதாக எழுதினார். அன்றைக்கு எடுபடவில்லை. 1990-களில் மரபணுக்கள் அவர் பக்கம் பேசின. ஈயின் கருவில் முதுகுப் பக்கத்தைத் தீர்மானிக்கும் புரதத்தின் உறவுக்காரப் புரதம், தவளையின் கருவில் வயிற்றுப் பக்கத்தைத் தீர்மானிக்கிறது. அதைத் தடுக்கும் புரதம் எந்தப் பக்கம் சுரக்கிறதோ அந்தப் பக்கம் நரம்பு உருவாகிறது, ஈயிலும் தவளையிலும். ஆக, நம் மூதாதையர் வரிசையில் எங்கோ உடல் தலைகீழாகப் புரண்டிருக்கிறது என்பதே இதற்கு இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் இருதலைப் பாம்பு பிடித்தார்கள். லட்சக்கணக்கில் விலை போகும் என்கிறார்கள். உண்மையிலேயே இரண்டு தலையா?

ஒரே தலைதான். அது மண்ணுளிப் பாம்பு. வால் குட்டையாக, மழுங்கி, தலையின் கனத்திலேயே இருப்பதால் வந்த பெயர். வாயும் கண்ணும் ஒரு முனையில் மட்டும் இருக்கும். அடிப்பக்கத்தில் கழிவுத் துவாரம் மறுமுனைக்குச் சற்று முன்னாலேயே வந்துவிடும். அதற்குப் பின்னால் மிஞ்சுவதுதான் வால்.

கழிவுத் துவாரத்தையும் தாண்டி நீளும் வால் என்பது முதுகுநாணுள்ள விலங்குகளின் அடையாளங்களில் ஒன்று. மண்புழுவுக்கு அப்படி ஒரு வால் கிடையாது, மலத்துளை கடைசிக் கண்டத்தில் இருக்கும். இறாலுக்கும் குடல் வால் நுனிவரை ஓடுகிறது. கானாங்கெளுத்தியில் அது பாதி வழியிலேயே, அடித்துடுப்புக்கு முன்னால் முடிந்துவிடும்.

விலை பேசுகிறவர்கள் மோசடிக்காரர்கள். மண்ணுளியைப் பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லி விட்டுவிடுங்கள். அபூர்வமாக இரண்டு தலையோடு பாம்பு பிறப்பது உண்டு. கரு இரட்டையாகப் பிரியும்போது பாதியில் நின்றுபோனதால் வருவது அது, அப்போது இரு தலையும் ஒரே முனையில் இருக்கும்.

கேள்வி: நீட் தேர்வுக்குப் படிக்கிறேன். பலனோகிளாசஸ் முதுகுநாணுள்ளதா, அற்றதா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது.

பலனோகிளாசஸ் கடல் மணலில் வாழும் ஒரு புழு. தேர்வில் "முதுகுநாணற்றது, அரைநாணிகள் என்ற தனித் தொகுதி" என்று எழுதுங்கள். அறிவியல்படியும் அதுவே சரி.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 1880-களில் ஆங்கிலேய விலங்கியலாளர் பேட்சன் இதன் செவுள் பிளவுகளையும், தும்பிக்கைக்குள் நீளும் ஒரு சிறு முட்டுக்குழாயையும் பார்த்து, முதுகு நாணின் தொடக்கம் என்று கருதி முதுகுநாணிகளோடு சேர்த்தார். அந்தக் குழாய் வாய்க்குழியின் நீட்சிதான், முதுகு நாண் அல்ல என்று பின்னால் முடிவானது. செவுள் பிளவுகள் மட்டும் உண்மையான பொது அம்சம். இதன் நெருங்கிய சொந்தம் நட்சத்திர மீன் கூட்டம். 1850-இல் ஜெர்மன் விலங்கியலாளர் யோஹான்னஸ் முல்லர் இதன் இளவுயிரியான (லார்வா) டோர்னேரியாவை முதன்முதலில் பார்த்தபோது, நட்சத்திர மீனின் குஞ்சு என்றே எண்ணிவிட்டார். அந்தத் தவறு உறவைச் சரியாகத்தான் காட்டியது! பாம்பன் அருகே குருசடைத் தீவு விலங்கியல் மாணவர்களிடையே பெயர் பெற்றதற்கு அங்கே மணலில் வாழும் இந்தப் புழுவும் ஒரு காரணம்.

கேள்வி: முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவு ஆம்ஃபியாக்சஸ்தானே?

அப்படித்தான் வெகுகாலம் சொல்லிக்கொடுத்தோம். ஆம்ஃபியாக்சஸ் கடல் மணலில் வாழும் சிறு விலங்கு. பார்க்க மீன்போல இருக்கும், முதுகு நாண் மூக்கு நுனிவரை ஓடும், தசை அடுக்குகள் வரிசையாகத் தெரியும். ஆனால் 2006-இல் வெளியான மரபணு ஒப்பீடும் அதன்பின் வந்தவையும் கடல் பீச்சிகளைத்தான் நமக்குப் பக்கத்தில் வைக்கின்றன. கப்பலின் அடியிலும் துறைமுகத் தூண்களிலும் தோல்பைபோல ஒட்டிக்கொண்டு, தொட்டால் நீரைப் பீய்ச்சுமே, அவைதான்.

நம்ப முடியாது என்பது புரிகிறது. வளர்ந்த கடல் பீச்சிக்கு வாலும் இல்லை, நாணும் இல்லை. போதாததற்குத் தாவரம்போல செல்லுலோஸ் நெய்து போர்த்திக்கொள்கிறது. அதன் இளவுயிரியைப் பாருங்கள். தலைப்பிரட்டை மாதிரி. வாலுக்குள் முதுகு நாண், அதன்மேல் குழல் வடிவ நரம்பு வடம். சயோனா என்ற கடல் பீச்சி வகையில் அந்த நாண் சரியாக 40 செல்களால் ஆனது. சில மணி நேரமோ ஓரிரு நாளோ நீந்திவிட்டு, தலையால் பாறையில் ஒட்டி, வாலையும் நாணையும் தனக்குள்ளேயே கரைத்துக்கொள்கிறது. ருஷ்ய ஆய்வாளர் கவலேவ்ஸ்கி 1866-இல் இதைக் காட்டும் வரை இவற்றை மெல்லுடலிகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். ஆம்ஃபியாக்சஸ் பழைய அமைப்பை அப்படியே வைத்திருக்கும் தூரத்துச் சொந்தம். கடல் பீச்சி வீட்டையே இடித்துக் கட்டிவிட்ட பங்காளி.

கேள்வி: ஓட்டுக் கணவாய்க்குள் வெள்ளையாக ஒரு பலகை இருக்கிறதே. அது முதுகெலும்புதானே?

இல்லை. நத்தை ஓட்டின் உறவு அது. நாட்டு மருந்துக் கடையில் "கடல் நுரை" என்று விற்பதும், கிளிக் கூண்டில் தொங்கவிடுவதும் இதைத்தான்.

ஒரு சோதனை செய்யுங்கள். கடல் நுரையில் ஒரு துண்டையும் மீன் முள்ளெலும்பு ஒன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வினிகரில் போடுங்கள். கடல் நுரை உடனே பொங்கும், அது கால்சியம் கார்பனேட். மீன் முள் அப்படிப் பொங்காது. இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்தால் ரப்பர்போல வளையும். எலும்பின் கால்சியம் பாஸ்பேட் கரைந்து கொலாஜன் நார் மட்டும் மிஞ்சியிருக்கிறது. முள்ளை நன்றாகக் கழுவி, சதை ஒட்டாமல் போடுங்கள். இல்லாவிட்டால் நாற்றம் தாங்காது.

கடல் நுரையை ஒடித்துக் கைலென்ஸில் பார்த்தால் காகிதம் அடுக்கியதுபோல மெல்லிய அறைகள் தெரியும். அவற்றிலுள்ள நீரை வெளியேற்றியும் உள்ளிழுத்தும் கணவாய் மிதப்பைச் சரிசெய்துகொள்கிறது. ஊசிக் கணவாயில் இந்த ஓடு மேலும் தேய்ந்து கண்ணாடி ஈர்க்குபோல ஆகிவிட்டது. பேய்க் கணவாயில், அதாவது ஆக்டோபஸில், கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

கேள்வி: நத்தை, ஆமை இரண்டும் ஓட்டுக்குள் ஒடுங்குகின்றன. ஒரே வகை ஓடா? ஆமை ஓட்டை விட்டு வெளியே வருமா?

வராது. நாம் நம் விலா எலும்பை விட்டு வெளியே வர முடியுமா? ஆமையின் மேலோடு, அகன்று ஒன்றோடொன்று இணைந்த விலா எலும்புகளும் முதுகெலும்பும் சேர்ந்ததுதான். மேலே தெரியும் கட்டங்கள் நம் நகத்தின் பொருளான கெராட்டின். ஓட்டுக்கு இரத்தமும் நரம்பும் உண்டு. துளை போட்டுக் கயிறு கட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள், அதற்கு வலிக்கும்.

இதில் விசித்திரம் தோள்பட்டை எலும்பு. மற்ற முதுகெலும்பிகளில் அது விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கும், ஆமையில் உள்ளே. விலா எலும்புகள் கீழ்நோக்கி வளையாமல் பக்கவாட்டில் விரிந்ததால் தோள் அவற்றின் அடியில் போய்விட்டது. சீனாவில் கிடைத்து 2008-இல் விவரிக்கப்பட்ட, சுமார் 22 கோடி ஆண்டு பழைய ஓடோன்டோகெலிஸ் என்ற ஆமைக்கு அடியோடு முழுதாக இருந்தது. மேலே விலா எலும்புகள் அகன்றிருந்தன, ஆனால் முழு மேலோடு இல்லை. வாயில் பல்லும் இருந்தது.

நத்தை ஓடு, மென்மூடி என்ற தோல்மடிப்பு சுரந்த சுண்ணாம்பு. தசையால் ஒட்டியிருப்பதால் நத்தையும் கழற்றி வைக்காது. நத்தை ஓடு மாற்றுவதைப் பார்த்ததாக யாராவது சொன்னால், அவர் பார்த்தது துறவி நண்டாக இருக்கும். அது குடியிருப்பது செத்த நத்தையின் ஓட்டில்.

கேள்வி: கரப்பான் ஏன் நாய் அளவுக்கு வளர்வதில்லை?

நல்லவேளை! நீளம் இருமடங்கானால் எடை எட்டு மடங்காகும், காலின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். அதோடு பூச்சிக்கு நுரையீரல் இல்லை. உடலின் பக்கத் துளைகளிலிருந்து மூச்சுக்குழல்கள் கிளைத்து நேராகத் திசுவுக்குப் போகின்றன. உடல் பெருக்கப் பெருக்க அந்தக் குழல்களே அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், காற்றில் ஆக்சிஜன் இன்றைவிட அதிகமாக இருந்த காலத்தில், மெகானியூரா என்ற தட்டான் உறவுப் பூச்சி இரண்டடிக்கும் மேற்பட்ட இறக்கை விரிப்போடு பறந்தது. ஆனால் ஆக்சிஜன் மட்டுமே காரணம் என்று முடித்துவிட முடியாது.

என் கணக்கில் பெரிய தடை சட்டை உரிப்பது. சில இரவுகளில் அடுப்படியில் பால் வெள்ளையாக ஒரு கரப்பானைப் பார்த்திருப்பீர்கள். தனி இனம் அல்ல, அப்போதுதான் ஓடு கழற்றியது. சில மணி நேரத்தில் இறுகிப் பழுப்பாகிவிடும். அதுவரை அதன் உடம்பைத் தாங்க எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. இதே நிலையில் 10 கிலோ விலங்கு தரையில் இருந்தால் தன் எடையிலேயே நசுங்கும். நீரில் மிதப்பு தாங்கிக்கொள்வதால்தான் ஜப்பானியச் சிலந்தி நண்டின் கால்விரிப்பு மூன்றரை மீட்டரைத் தாண்ட முடிகிறது. தரையில் வாழும் கணுக்காலிகளில் பெரியது, நிக்கோபார் தீவுகளிலும் உள்ள தென்னை நண்டு. அது சுமார் 4 கிலோ வரை வரும், ஓடு கழற்றும்போது வாரக்கணக்கில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும்.

கேள்வி: நட்சத்திர மீனின் தலை எது?

ஏறக்குறைய முழுவதும்! 2023-இல் வெளியான ஆய்வில், மற்ற விலங்குகளில் தலையைக் குறிக்கும் மரபணுக்கள் நட்சத்திர மீனின் ஐந்து கைகளின் நடுக்கோடு நெடுக இயங்குவது தெரிந்தது. நடுவுடலைக் குறிக்கும் மரபணுக்கள் அதன் தோற்படையில் பெரும்பாலும் காணப்படவில்லை.

ஐந்து பக்கச் சமச்சீர் பிறவியிலேயே வந்ததும் அல்ல. இளவுயிரி நம்மைப்போல இட வலம் உள்ளது. பெரியதன் உடல் அதன் இடப்பக்கத்தில் முளைத்து வளர்கிறது. கடற்கரைக் கடைகளில் விற்கும் காய்ந்த நட்சத்திர மீன் கையில் கிடைத்தால் மேல்பக்கத்தைப் பாருங்கள். மையத்தில் இல்லாமல் சற்றுத் தள்ளி, இரு கைகளுக்கு நடுவே, சட்டைப் பொத்தான்போல ஒரு சிறு தட்டு இருக்கும். உடலுக்குள் ஓடும் நீர்க்குழல் மண்டலத்தின் சல்லடை வாசல் அது. அது ஒன்றே ஒன்று இருப்பதால், நட்சத்திர மீனைச் சரிபாதியாகப் பிரிக்கும் கோடு உண்மையில் ஐந்து இல்லை, அந்தத் தட்டு வழியாகப் போகும் ஒன்றுதான்.