ஒரு ஓட்டால் எதுவும் மாறாது என்று தெரிந்தும் ஏன் போய் ஓட்டுப் போடுகிறீர்கள்? யாருக்கு என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

கேட்டவர் இளைஞர் என்று நினைக்கிறேன். வேளச்சேரியிலோ துரைப்பாக்கத்திலோ நண்பர்களோடு அறை எடுத்திருப்பீர்கள். ஓட்டு சொந்த ஊரில் இருக்கும். தேர்தலுக்கு முந்தைய நாள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையக் கூட்டத்தையும் ஆம்னி பஸ் டிக்கெட் விலையையும் பார்த்ததும் இந்தக் கேள்வி பிறந்திருக்கும். தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் கணக்கு சரிதான். அதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடைக்க மாட்டான். 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. நான் மேற்கு மாம்பலம், அதே தொகுதி. அன்று நான் ஓட்டுப் போடவில்லை. போட்டிருந்தால் 136 ஆகியிருக்கும், அல்லது 138. வென்றவர்தான் வென்றிருப்பார்.

ஓட்டுப் போடாதவனுக்குப் பேச என்ன உரிமை என்று கீழே எழுத வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: 1996 முதல் அந்த ஒரு முறையைத் தவிர எல்லாத் தேர்தலிலும் போட்டிருக்கிறேன். எந்தக் கட்சிக்கு என்று கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை. என் அம்மாவும் நானும் எப்போதும் எதிரெதிர்ச் சின்னம் என்பதை மட்டும் சொல்கிறேன். கால் நூற்றாண்டாக ஒரே வீட்டிலிருந்து ஒரே ஆட்டோவில் போய் ஒருவர் ஓட்டை மற்றவர் கழித்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். என் மனைவி யாருக்குப் போடுகிறாள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

1996இல் எனக்கு ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்ததே அம்மாதான். அப்போது வாக்குச்சீட்டு, ரப்பர் முத்திரை. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் என்பதால் இரண்டு சீட்டு. "முத்திரை குத்தியதும் நீளவாக்கில் மடி, பிறகு குறுக்கே மடி. மை ஈரத்தோடு பக்கத்துச் சின்னத்தில் ஒட்டிக்கொண்டால் செல்லாத ஓட்டு" என்று முந்தைய இரவு பழைய காலண்டர் தாளை மடித்துக் காட்டினாள். நான் அவளுக்கு எதிர்ச்சின்னத்தில் குத்தப்போகிறேன் என்று தெரிந்தே காட்டினாள்.

2021 மார்ச்சில் அதிகாரிகள் வீட்டுக்கே வந்தார்கள். 80 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம், 12டி படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். அம்மாவுக்கு அப்போது 82. கொரோனா வேறு. நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். "நான் என்ன படுக்கையிலா கிடக்கிறேன்?" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்குக் கோபம். அதிகாரிகள் முன்னால் காட்டவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 6ஆம் தேதி காலை கார்ப்பரேஷன் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். நெற்றியில் வெப்பமானி, கையில் சானிட்டைசர், வலது கைக்கு ஒரு பாலித்தீன் உறை. அறை வாசல் வரை என்னை விட்டார்கள். முதல் அலுவலர் முகக்கவசத்துக்குள்ளிருந்து பட்டியலைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். ஏஜென்டுகள் தங்கள் தாளில் கோடு போட்டுக்கொண்டார்கள். அம்மா நகரவில்லை.

"பெயரைச் சொல்லவில்லையே" என்றாள்.

"சொல்லிவிட்டேன் அம்மா, போங்கள்" என்றார் அவர்.

"எனக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதுதானே வழக்கம்?"

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் உச்சுக்கொட்டினார். அலுவலர் முகக்கவசத்தை இறக்கி, பாகம், வரிசை எண், பிறகு அம்மாவின் முழுப்பெயர், அப்பா பெயரோடு சேர்த்து, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி வாசித்தார். அம்மா தலையை ஆட்டிவிட்டு மை வைக்க இடது கையை நீட்டினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அப்பாவுக்கு அவள் 'இந்தா'. தெருவுக்கு மாடி வீட்டம்மா, கிளினிக்கில் பாட்டி. ரேஷன் அட்டை அப்பா பெயரில்தான் இருந்தது. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை, ஓர் அரசு ஊழியர் நாலு பேர் முன்னால் அவள் பெயரை உரக்கச் சொல்லி, வேறு யாரும் அந்தப் பெயரில் வந்துவிடவில்லையே என்று சரிபார்க்கிறார். அதைத் தபாலில் அனுப்பச் சொன்னால் எப்படி?

இதுதான் எல்லோருக்கும் காரணம் என்று சொல்ல வரவில்லை. அவளிடம் நான் கேட்டதும் இல்லை.

அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்து போடலாம் என்று இருந்தேன். ஆண்கள் வரிசை பள்ளிச் சுவரைத் தாண்டி நின்றது, வெயில் வேறு. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்தபோது மணி ஐந்தரை. கொரோனாவுக்காக ஏழு மணி வரை நேரம் கொடுத்திருந்தார்கள், போயிருக்கலாம். போகவில்லை. இரவு சாப்பிடும்போது "போட்டாச்சு" என்று பொய் சொன்னேன். அம்மா என் இடது கை விரலைப் பார்த்தாள். "அப்படியானால் இந்த முறை என் ஓட்டு கழியாமல் நின்றிருக்கிறது" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள். முடிவு வந்து 137 என்று டிவியில் ஓடியபோது, நல்லவேளை, அவள் எதுவும் சொல்லவில்லை.

யாருக்கு என்று எப்படி முடிவு செய்வது? அம்மாவுக்குச் சின்னம்தான். வேட்பாளர் பெயரைக் கேட்டால் தெரியாது. "ஆள் கட்சி மாறிவிடுவான்" என்பாள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் நம் ஊர்க் கட்சித்தாவல்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாம். 1967இல் வீட்டின் இரண்டு ஓட்டும் ரூபாய்க்கு மூன்று படி அரிசிக்கு விழுந்தன என்று அப்பா சொல்வார். அம்மா கடைசி வரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் படித்தவன் என்ற திமிரில் பிரமாணப் பத்திரம், சொத்து விவரம், வழக்கு விவரம் எல்லாம் இறக்கிப் படிப்பேன். படித்து முடித்து, யார் வரக்கூடாது என்று நினைக்கிறேனோ அவரைத் தோற்கடிக்கக்கூடியவருக்குப் போடுவேன். அதற்குப் பத்திரம் படிக்கவே தேவையில்லை.

இலவசத்துக்காகப் போடுகிறார்கள் என்று திட்டுபவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்றார்கள். எனக்கு ஒரு யூனிட்கூட வந்ததில்லை. வாடகை வீட்டில் சப் மீட்டர். முதல் யூனிட்டிலிருந்தே ஒன்பது ரூபாய் என்று வீட்டு உரிமையாளர் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார். தண்ணீர் மோட்டாருக்குத் தனி, மாடிப்படி விளக்குக்குத் தனி. கேட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்வார். சென்னையில் எத்தனை லட்சம் பேர் இப்படி இருக்கிறோம்! எங்களுக்காக ஒரு கட்சி வாய் திறந்தால் இருபத்தைந்து வருடப் பகையை மறந்து அம்மாவின் சின்னத்துக்கே போட்டுவிடுவேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது.

பணத்தைப் பற்றியும் ஒன்று. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது, நினைவிருக்கும். வாங்குகிறவர்கள் ஓட்டை விற்றுவிட்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அக்கா சொன்ன காரணம் வேறு: "வாங்கவில்லை என்றால் எதிர்க்கட்சி என்று குறித்துக்கொள்வார்கள் தம்பி. நாளைக்கு இங்கே கூடையை வைக்க வேண்டாமா?" யாருக்குப் போட்டாள் என்று கேட்டேன். பூவை முழம் போட்டபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மனைவியிடம் வாங்கும் அதே பார்வை.

அம்மா 2023இல் இறந்துவிட்டாள். 2024 ஏப்ரல் 19ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தலில் காலையிலேயே போய்விட்டேன். வரிசையே இல்லை. வட சென்னையில் 60 சதவீதத்தைத் தாண்டிய வாக்குப்பதிவு எங்கள் தென் சென்னையில் 54ஐ ஒட்டி நின்றுவிட்டது. என் பெயரை வாசித்தார்கள். குனிந்து பார்த்தேன். பட்டியல் வீட்டு எண் வரிசையில் இருப்பதால் எனக்கு நேர் மேலே அம்மா, படத்தோடு. ஏஜென்டாக உட்கார்ந்திருந்த எங்கள் தெருக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு தாளில் கோடு போட்டார், என் பெயருக்கு மட்டும்.

நான் போட்ட ஓட்டைக் கழிக்க இப்போது யாரும் இல்லை.

இறந்தவர் பெயரைப் பட்டியலில் விட்டுவைப்பது கள்ள ஓட்டுக்கு வழி என்று யாராவது எழுதத்தான் போகிறீர்கள். தெரியும். பெயர் நீக்கத்துக்கான படிவம் 7 வாங்கி வைத்திருக்கிறேன். அதில் அவள் பெயரை எழுதும் கட்டம் மட்டும்தான் பாக்கி.