அழகும் ஜோடியும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அழகில் தனக்குச் சமமானவரைத்தான் மனம் தேடும் என்கிறார்களே, நிஜமா மேடம்?

தேடும்போது அப்படித் தேடுவதில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த 752 மாணவ மாணவியருக்கு ஒரு நடன விருந்து வைத்தார்கள். கம்ப்யூட்டர் பொருத்தம் பார்த்து ஜோடி சேர்த்திருக்கிறது என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் பெண் ஆணைவிட உயரமாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, மற்றபடி கண்ணை மூடிக்கொண்டுதான் சேர்த்தார்கள். உளவியலாளர் எலைன் வால்ஸ்டர் குழு 1966-இல் வெளியிட்ட முடிவு இது: தான் எப்படி இருந்தாலும், அழகான துணை கிடைத்தவர்களுக்குத்தான் துணையைப் பிடித்திருந்தது. படிப்பு, சுபாவம் எதுவும் எடுபடவில்லை.

கேள்வி: ஆனால் வெளியே பார்க்கும் ஜோடிகள் ஜாடிக்கேற்ற மூடியாகத்தானே இருக்கிறார்கள்?

ஆமாம், 1972-இல் மர்ஸ்டீன் என்ற உளவியலாளர் 99 ஜோடிகளின் புகைப்படங்களைத் தனித்தனியாக மதிப்பிட வைத்தார். கண்டபடி சேர்த்த ஜோடிகளைவிட நிஜ ஜோடிகள் அழகில் நெருக்கமாக இருந்தார்கள். எல்லோரும் அழகானவரையே விரும்பினாலும், எதிராளியும் சம்மதிக்க வேண்டுமே! அழகானவர்கள் முதலில் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வார்கள், மிச்சமிருப்பவர்கள் தங்களுக்குள் சேர்வார்கள். 1986-இல் காலிக், ஹாமில்டன் என்ற ஆய்வாளர்கள் கம்ப்யூட்டரில் கற்பனை ஆட்களை வைத்து இதை நடத்திக் காட்டினார்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் இரண்டு வருடம் நண்பர்களாக இருந்து காதலித்தவர்கள். அவர் என்னைவிட ரொம்ப அழகு. சேர்ந்து நடக்கவே கூச்சமாக இருக்கிறது. இது நீடிக்குமா?

அழகு வித்தியாசத்தை மட்டும் வைத்துப் பயப்படாதே தங்கச்சி. ஹன்ட், ஈஸ்ட்விக், ஃபிங்கல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2015-இல் 167 ஜோடிகளை ஆராய்ந்து எழுதினார்கள். பழகிய கொஞ்ச நாளிலேயே காதலிக்க ஆரம்பித்தவர்கள் அழகில் நன்றாக ஒத்துப்போனார்கள். உங்களைப் போல முதலில் நட்பாகப் பழகியவர்களிடம் அந்த ஒற்றுமை வெகுவாகக் குறைந்திருந்தது. பழகப் பழக ஒருவரின் பேச்சு, அக்கறை, குணமெல்லாம் தெரியவரும். அப்போது ஆளுக்கு ஆள் ரசனை மாறுகிறது. ஊர் கண்ணுக்குச் சுமாராகத் தெரிபவர் காதலிப்பவர் கண்ணுக்கு அப்படித் தெரிய வேண்டியதில்லை. அழகில் ஒத்துப்போனவர்கள் கூடுதல் திருப்தியோடு வாழ்வதாகவும் அந்த ஆய்வில் தெரியவில்லை. தெருவில் யாரோ ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று நீ கூசுகிறாய். அவர்கள் அந்த இரண்டு வருடத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருக்கிறார். சரி, இந்தக் கூச்சத்தை அவரிடமே ஒரு தடவை சொல்லிவிடு.

கேள்வி: கல்யாணமாகிப் பல வருடம் ஆனால் இருவர் முகமும் ஒரே ஜாடைக்கு வருமா?

1987-இல் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் அப்படித்தான் சொன்னார். 2020-இல் 517 தம்பதிகளின் பழைய, புதிய படங்களை வைத்துப் பார்த்ததில் அது நிற்கவில்லை. கல்யாணத்தின்போதே கொஞ்சம் ஜாடை ஒத்திருக்கிறது, அப்புறம் கூடுவதில்லை.