மரச்சாமானுக்கு லாக்கர் (பளபளப்புப் பூச்சு) அடிக்கும் ஸ்ப்ரே பூத்தில், அதாவது அடைப்பு அறையில், ஃபில்டர் போட்டும் தின்னர் (பூச்சை இளக்கும் கரைப்பான்) வாடை தெருவுக்குப் போகிறதே, ஏன்?

ஃபில்டர் பிடிப்பது பறக்கும் லாக்கர் துகளை மட்டும்தான். ஆவியான தின்னர் எந்தப் பஞ்சிலும் நிற்காது. துகளை வழியும் தண்ணீரில் பிடிக்கும் தண்ணீர்த் திரை பூத்திலும் பெரும்பாலும் இதே கதைதான். புகைபோக்கியை உயர்த்தினால் வாடை கலைந்து போகும், அளவு குறையாது.

மர நாற்காலிக்கு அடிக்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரில் பெரும்பகுதி கரைப்பான். மரத்தில் படலமாகத் தங்குவது கொஞ்சம். மீதி அடிக்கும்போதும் காயும்போதும் காற்றோடு போய்விடும். ஆகவே பூத்துக்குள் அடிக்கும் கரைப்பானைக் குறைப்பதே வழி.

முதலில் ஸ்ப்ரே கன்னை மாற்றுங்கள். எச்விஎல்பி (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) கன்னில் மூக்குமுனைக் காற்றழுத்தம் 10 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) இருக்கும். லாக்கர் சிதறி வீணாவது குறையும். காற்று நிறையக் கேட்கும் என்பதால், கம்ப்ரசர் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவில் 1995-இல் வந்த மரச்சாமான் ஆலை விதிகள் பழைய ரக ஏர் கன்னுக்கு, சில விலக்குகள் தவிர, தடையே போட்டன.

தண்ணீர் கலந்த பாலிஷ் வாடையை வெகுவாகக் குறைக்கும். ஆனால் முதல் கோட்டில் மர நார் எழும்பும், மறுபடி உப்புத்தாள் போட வேண்டும். மழைக்காலத்தில் காயவும் நேரமாகும்.

ஆக்டிவேட்டட் கார்பன் ஆவியைப் பிடிக்கும்தான். நிரம்பியதும் மாற்றாவிட்டால் வெறும் அலங்காரம். சின்னப் பட்டறைக்குச் செலவு கட்டாது.

கன் கழுவும் தின்னர் டப்பாவுக்கு மூடி இருக்கிறதா?